சாக்ரோஇலியாக் மூட்டு வலி: மூட்டை இணைக்கும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வில்லியனூரில் தையற்கடை வைத்திருக்கும் அவருடைய அக்காவுக்கு 42 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் வாசற்படியில் வழுக்கி, வலது பிட்டம் தரையில் மோத உட்கார்ந்த நிலையில் விழுந்தார். அன்று தொடங்கிய வலி இன்னும் விடவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஜவ்வு சற்றுப் பிதுங்கியிருப்பதாக வந்தது. பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்தார்கள், மாத்திரைகள் மாறி மாறி வந்தன. இப்போது வேறொரு மருத்துவர், வலி ஜவ்விலிருந்து வரவில்லை, சாக்ரோஇலியாக் மூட்டிலிருந்து வருகிறது என்றும், பக்கவாட்டில் சிறிய கீறல் போட்டு மூன்று டைட்டானியத் துண்டுகளை அடித்து மூட்டை இணைத்துவிட்டால் சரியாகும் என்றும் சொல்லியிருக்கிறார். அக்காவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. செய்யலாமா, அறுவையில்லாமல் தீர வழியுண்டா என்பதுதான் கேள்வி.

பதில் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் இயன்முறை மருத்துவன்; இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் இடுப்பு வலிக்காரர்களைப் பார்த்து வருகிறேன். கத்தி பிடிக்காதவனுக்குக் கத்தியின் மீது இயல்பாகவே ஒரு சந்தேகம் இருக்கும். அந்தச் சாய்வைக் கழித்துவிட்டே நான் சொல்வதைப் படிக்கவும். என் கருத்து இதுதான்: உங்கள் அக்கா அறுவை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை. வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை. அறுவையில்லாத சிகிச்சை என்று அவருக்கு நடந்தது, உண்மையில் அந்த மூட்டுக்கான சிகிச்சையே அன்று.

முதலில் மூட்டைப் பற்றி. முதுகெலும்பின் அடியில் தலைகீழ் முக்கோணமாக இறங்கும் திரிக எலும்பு, இரண்டு பக்கத்து இடுப்பெலும்புகளுக்கும் நடுவே ஆப்பு போல் செருகியிருக்கிறது. அந்த ஆப்பின் இரு ஓரங்களிலும் உள்ளவைதாம் சாக்ரோஇலியாக் மூட்டுகள். மருத்துவமனைகளில் சுருக்கமாக எஸ்.ஐ. ஜாயிண்ட் என்பார்கள். முழங்கால் போல மடங்கி நீளும் மூட்டு அன்று இது. இதன் அசைவு ஒரு சில பாகை, ஓரிரு மில்லிமீட்டர், அவ்வளவே. மேலுடம்பின் எடையைக் கால்களுக்குக் கடத்துவதும், நடக்கும்போது கால் தரையில் படும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் இதன் வேலை. எலும்புகளின் மேடுபள்ளமான பரப்பு ஒன்றையொன்று கவ்வியும், உடலிலேயே மிக உறுதியான சில தசைநார்கள் இறுக்கிக் கட்டியும், பிட்டத் தசைகளும் அடிவயிற்றுத் தசைகளும் வெளியிலிருந்து அழுத்திப் பிடித்தும் இதை நிலைநிறுத்துகின்றன. மூன்றாவதாகச் சொன்ன தசைப்பிடிப்பைத்தான் பயிற்சியால் மாற்ற முடியும். பயிற்சி சிகிச்சை முழுவதும் அந்த ஒரு வாய்ப்பின் மீதுதான் நிற்கிறது.

நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் சுமார் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு வலியின் ஊற்று இந்த மூட்டு என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அப்படியிருந்தும் நம் ஊரில் இடுப்பு வலி என்று போனால் பத்தில் ஒன்பது பேர் "ஜவ்வு விலகிவிட்டது" என்ற தீர்ப்போடு திரும்புகிறார்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை நாடுகளில் இடுப்பு வலிக்கெல்லாம் இந்த மூட்டின் மீதுதான் பழி விழுந்தது. 1921-லேயே ஸ்மித்-பீட்டர்சன் இதை இணைக்கும் அறுவையை விவரித்து எழுதினார். 1934-இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் பிதுங்கிய ஜவ்வு நரம்பை அழுத்துவதைக் காட்டினார்கள். அதன்பின் கவனம் மொத்தமாக ஜவ்வுக்குப் போய்விட்டது. எம்.ஆர்.ஐ. வந்தபின் அது இன்னும் கூடியது, ஏனெனில் ஜவ்வு படத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எந்த வலியும் இல்லாத 40 வயதினரைப் படம் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்கும். அக்காவின் படத்தில் இருந்த பிதுக்கம் நரை முடி போல வயதுக்கு ஏற்ற ஒன்றாகவே இருக்கலாம். இன்னொன்று: முதுகுக்கென்று எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் சாக்ரோஇலியாக் மூட்டுகள் முழுதாகப் பதிவதில்லை. அந்த மூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக, மூட்டின் சாய்வுக்கேற்ற கோணத்தில் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சரி, வலி அந்த மூட்டினுடையதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் ஓர் அம்மா என்னிடம் வந்ததை இங்கே சொல்வது பொருந்தும். மீன் நிறைந்த அன்னக்கூடையை எப்போதும் இடது இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பவர். எங்கே வலிக்கிறது என்று கேட்டதும், சேலைக் கொசுவத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், இடுப்பின் பின்பக்கம் குழி விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே, உட்புறமாக, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்கதான் சார், ஆணி அடிச்ச மாதிரி" என்றார். மறுபடி கேட்டேன், அதே இடம், அதே விரல். ஜவ்வு வலிக்காரர்கள் பெரும்பாலும் உள்ளங்கையை விரித்து இடுப்பின் குறுக்கே தடவிக் காட்டுவார்கள். இப்படி ஒற்றை விரலால் அந்தக் குழிக்குக் கீழே காட்டுவதை ஃபோர்ட்டின் விரல் சோதனை என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குப் பேருந்துப் படியில் ஏற இடது காலை ஊன்றும்போது குத்தும். இரவில் புரண்டு படுக்கும்போது விழிப்பு வந்துவிடும். உட்கார்ந்து எழும் முதல் நான்கு அடிகள் நொண்டும். அதன்பின் ஓரளவு சரியாகும். வலி தொடையின் பின்புறம் வரை இறங்கும், முழங்காலைத் தாண்டுவது அரிது, கால்விரல்கள் மரத்துப்போகவில்லை.

கதை பொருந்தினால் மட்டும் போதாது. படுக்கவைத்து மூட்டை ஐந்து விதமாகச் சீண்டிப் பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. இடுப்பெலும்பின் முன்முனைகளை இரு பக்கமும் விரித்து அழுத்துவது, பக்கவாட்டில் படுக்கவைத்து மேலிருந்து அழுத்துவது, தொடையை நெட்டுக்குத்தாக நிறுத்தி அதன் வழியே கீழ்நோக்கித் தள்ளுவது, ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு மற்றதை நெஞ்சோடு மடக்குவது, குப்புறப் படுக்கவைத்துத் திரிக எலும்பின் நடுவில் அழுத்துவது என்பன அவை. இவற்றுள் ஏதோ ஒன்று வலித்தால் ஒன்றும் பொருளில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றில், அவருக்கு வழக்கமாக வரும் அதே வலி வந்தால்தான் மூட்டின் மீது சந்தேகம் வலுக்கிறது. இதற்குப் பத்து நிமிடம் போதும், செலவும் இல்லை. உங்கள் அக்காவுக்கு இதை யாராவது செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் ஒருவர்கூடச் செய்யவில்லை என்று பதில் வந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

கடைசிச் சான்று, ஊசி. சி-ஆர்ம் எனப்படும் எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஊசி முனையை மூட்டுக்குள் செலுத்தி, சாய மருந்து மூட்டின் வடிவில் பரவுவதைக் கண்டபின், மரத்துப்போகும் மருந்தை ஒன்றிரண்டு மில்லி மட்டும் விடுவார்கள். அடுத்த சில மணி நேரத்தில் வழக்கமான வலி பாதிக்கு மேல், இயன்றால் முக்கால் பங்கு, குறைய வேண்டும். திரையில் பார்க்காமல் கையால் தடவிப் போடும் ஊசி பெரும்பாலும் மூட்டுக்குள் போவதே இல்லை; அதனால் வலி குறைந்தாலும் குறையாவிட்டாலும் அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஊசி போட்ட அன்று அக்கா செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வீட்டில் படுத்து ஓய்வெடுக்காமல், எந்தச் செயலில் வலிக்குமோ அதையே செய்து பார்க்க வேண்டும்: படி ஏற வேண்டும், தையல் இயந்திரத்தின் மிதியை வலது காலால் அழுத்திப் பார்க்க வேண்டும், மணிக்கு ஒருமுறை பத்துக்கு எத்தனை வலி என்று ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். அந்தத் தாள் எந்த எம்.ஆர்.ஐ.யையும் விட மதிப்புள்ளது. ஒரே ஊசியில் தற்செயலாக நல்ல பலன் தெரிவதும் உண்டு என்பதால், அறுவை வரை போகும் நிலையில் இரண்டாவது முறையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் 26 வயது இளைஞர் ஒருவர் இதே இடத்து வலியோடு வந்தார். ஐந்து சோதனைகளில் மூன்றில் வலித்தது. மூட்டின் பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று எண்ணி எட்டு மாதம் பயிற்சி கொடுத்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு வலியால் எழுந்துவிடுவதாகவும், எழுந்து ஒரு மணி நேரம் நடமாடியபின் இடுப்பு இளகுவதாகவும் அவர் முதல் நாளே சொல்லியிருந்தார், எழுதியும் வைத்திருந்தேன், ஆனால் அதன் பொருளை உணரவில்லை. அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் அழற்சி வாத நோய். அவருடைய கண் சிவந்து வலித்தபோது கண் மருத்துவர்தான் அதைக் கண்டுபிடித்தார். ஓய்வில் கூடி அசைவில் குறையும் வலி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, 45 வயதுக்கு முன் மெல்லத் தொடங்கிய வலி, கண் அழற்சி, தோலில் சொரியாசிஸ் இவற்றுள் எது இருந்தாலும் போக வேண்டியது வாத நோய் மருத்துவரிடம். புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் இதற்கென்றே கிளினிக்கல் இம்யூனாலஜி என்ற துறை இருக்கிறது. அந்த நோய்க்கு மூட்டை இணைப்பது மருந்தன்று. அதேபோல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை இருந்தால் நம் நாட்டில் காசநோய் இந்த மூட்டில் தங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மாடு வளர்ப்பவர்கள், காய்ச்சாத பால் குடிப்பவர்கள் என்றால் புரூசெல்லா கிருமியையும் நினைக்க வேண்டும். அக்காவின் வலி விழுந்த அன்றே தொடங்கியது என்பதால் இவை வாய்ப்புக் குறைவு. ஆனாலும் சர்க்கரை உள்ளவருக்கு உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வதில் நட்டமில்லை.

இனி அறுவையில்லாத சிகிச்சை. கரண்ட் வைப்பதும் ஒத்தடமும் அன்றைய இரவைக் கடத்த உதவும். மூட்டைப் பிடித்து நிறுத்தாது. பத்து நாள் போய்ப் படுத்துவிட்டு வந்ததை "பிசியோதெரபி செய்து பார்த்தாயிற்று, பலனில்லை" என்று கணக்கில் எழுதுவது எங்கள் தொழிலுக்கும் நோயாளிக்கும் செய்யும் அநீதி. அந்த அநீதியில் எங்கள் பங்கும் உண்டு. கரண்ட் வைப்பது எளிது, பயிற்சி சொல்லித்தருவதற்கு நேரம் பிடிக்கும்.

இந்த மூட்டுக்கான பயிற்சி, அடிவயிற்றின் ஆழ்தசையையும் பிட்டத்தின் பெருந்தசையையும் சேர்ந்து இயங்கக் கற்றுக்கொடுப்பது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, தொப்புளுக்குக் கீழே மெல்ல உள்ளிழுத்து, மூச்சை அடக்காமல் பத்து எண்ணும் வரை பிடிப்பதில் தொடங்க வேண்டும். அது கைவந்தபின் அதே பிடிப்போடு இடுப்பைப் பாலம் போல உயர்த்த வேண்டும். பிறகு பக்கவாட்டில் படுத்து மேல் முழங்காலைத் திறப்பது, கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றிய நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஒற்றைக் காலில் நின்று செய்யும் பயிற்சிகளை முதல் மாதத்திலேயே கொடுத்தால் மூட்டு கோபித்துக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய எவ்வளவு காலம்? பிரசவத்துக்குப் பின் இடுப்பு வளைய வலி தீராத 81 பெண்களைக் கொண்டு நார்வேயில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், இத்தகைய நிலைநிறுத்தும் பயிற்சிகளை 20 வாரம் செய்தவர்கள் மற்ற பிசியோதெரபி பெற்றவர்களைவிடத் தெளிவாக நலமடைந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த நலம் நின்றிருந்தது. விழுந்து வந்த வலிக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 20 வாரம் எங்கே, பத்து நாள் எங்கே?

பெல்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அக்காவுக்குக் கொடுத்தது அநேகமாக மருந்துக்கடையில் கிடைக்கும் அகலமான லம்பர் பெல்ட். அது வயிற்றின் மட்டத்தில் முதுகைப் பிடிக்கும். சாக்ரோஇலியாக் மூட்டுக்கான பெல்ட் குறுகலானது. இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குக் கீழே, தொடையெலும்பின் பக்கவாட்டு மேட்டுக்குச் சற்று மேலே, பாவாடை நாடா கட்டும் இடத்தையும் விடத் தாழ்வாகச் சுற்றிக் கட்ட வேண்டும். பொருந்துமா என்று பார்க்க எளிய வழி: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் வலது காலை ஒரு சாண் தூக்கச் சொல்லுங்கள். கால் கல்லாகக் கனத்தாலோ வலித்தாலோ, ஒருவர் இரண்டு பக்கத்து இடுப்பெலும்பையும் கைகளால் உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுபடி தூக்கச் சொல்லுங்கள். இப்போது எளிதாகத் தூக்கினால் பெல்ட்டும் பயிற்சியும் கைகொடுக்கும் என்று நம்பலாம். நாளெல்லாம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நடக்கும்போதும் நிற்கும்போதும், சில மாதங்களுக்கு.

அன்றாட வேலைகளிலும் சிலவற்றை மாற்ற வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் வண்டியின் பின்னிருக்கையில் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துதான் பயணிக்கிறார்கள். இடுப்பு முறுக்கிய நிலையில் வில்லியனூரிலிருந்து கடலூர் வரை வேகத்தடைகளில் குலுங்கினால் எந்தப் பயிற்சியும் தாங்காது. இரு பக்கமும் கால் போட்டு உட்காரட்டும், அல்லது பேருந்தில் வரட்டும். குடத்தையும் குழந்தையையும் ஒரே இடுப்பில் இடுக்கும் பழக்கம், சம்மணமிட்டு நெடுநேரம் இருப்பது, இவற்றையும் கொஞ்ச காலம் தள்ளிவைக்கலாம். தையல் இயந்திரத்தின் மிதியை அவர் எட்டி மிதிக்கிறாரா, உட்காரும் பலகையின் உயரம் என்ன என்பதை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரே காலால் ஆண்டுக்கணக்கில் அழுத்துபவருக்கு அதே பக்கத்தில் வலி நிலைத்திருக்கிறது என்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. சுளுக்கு எடுப்பவரிடம் போய் "மூட்டைச் சேர்த்துவிட்டேன்" என்ற சொல்லை வாங்கி வராதீர்கள். பெரும் விபத்தில் தவிர இந்த மூட்டு விலகிப்போவதும் இல்லை, சொடக்கெடுத்தால் வந்து சேர்வதும் இல்லை.

பயிற்சியைச் செய்யவே விடாத அளவு வலி இருந்தால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம். அதன் பலன் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள். அந்த இடைவெளியில் தசையை வலுப்படுத்திக்கொள்வதற்குத்தான் அது. ஊசியை மட்டும் நம்பி ஆண்டுக்கு நான்கைந்து முறை போட்டுக்கொள்வது தவறு. அக்காவுக்குச் சர்க்கரை இருப்பதால், ஊசிக்குப் பின் ஒரு வாரம் வரை இரத்தச் சர்க்கரை ஏறும்; ஊசி போடுபவரிடமும் சர்க்கரைக்குப் பார்ப்பவரிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாள்தோறும் வலி மாத்திரை விழுங்குவதும் அவருடைய சிறுநீரகத்துக்கு நல்லதன்று.

அடுத்த படி ரேடியோஃப்ரீக்வன்ஸி. மூட்டின் பின்புறத்திலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்புக் கிளைகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்வார்கள். நரம்பு மீண்டும் முளைக்கும். ஆகவே பலன் கிடைத்தாலும் ஆறு மாதம், ஓராண்டு என்ற அளவில்தான். மூட்டின் முன்புறத்து நரம்புகளை இது தொடுவதே இல்லை. சான்றுகளும் ஒரு குரலில் பேசவில்லை. செய்வது போல் காட்டி உண்மையில் செய்யாமல் விடும் பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்ட சில சிறிய ஆய்வுகள் இதற்குச் சாதகமாக வந்தன. 2017-இல் நெதர்லாந்திலிருந்து வந்த பெரிய ஆய்வோ, பயிற்சியோடு இதைச் சேர்த்தவர்களுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்றது.

இப்போது அறுவைக்கு வருவோம். அந்த மருத்துவர் சொல்வது ஏமாற்று வேலை அன்று. அதற்கு ஆய்வுச் சான்று உண்டு. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பிட்டத்தின் பக்கவாட்டில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீறி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே இடுப்பெலும்பின் வழியாக மூட்டைக் குறுக்காகக் கடந்து திரிக எலும்புக்குள், பெரும்பாலும் மூன்று, முக்கோணப் பட்டை வடிவ டைட்டானியத் துண்டுகளை அடித்து இறக்குவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம். மூன்று வாரமளவு வாக்கரோடு, அந்தக் காலில் முழு எடை போடாமல் நடக்க வேண்டும். பழைய திறந்த அறுவையோடு பார்த்தால் இது எவ்வளவோ இலகு.

அமெரிக்காவில் 148 பேரைக் கொண்டு நடந்த இன்சைட் என்ற ஆய்வில், ஆறு மாதத்தில் அறுவை செய்துகொண்டவர்களின் வலி நூற்றுக்கு 82-இலிருந்து 30-க்கு இறங்கியது. அறுவையில்லாத பிரிவில் 82-இலிருந்து 70-க்கு மட்டுமே. ஐரோப்பாவில் 103 பேரைக் கொண்ட ஐமியா ஆய்வில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வலி குறைந்தது அறுவைப் பிரிவில் 45 புள்ளி, பயிற்சிப் பிரிவில் 11 புள்ளி. இங்கிலாந்தில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பும் 2017-இல் இந்த அறுவைக்குப் போதிய சான்று இருப்பதாக ஏற்றுக்கொண்டது. இந்த எண்களைக் காட்டினால் எவருக்கும் அறுவைதான் சரி என்று தோன்றும். ஆனால் மூன்று செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு ஆய்வுகளுக்கும் பணம் கொடுத்தது அந்த டைட்டானியத் துண்டைத் தயாரிக்கும் நிறுவனம். அறுவையில்லாத பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள், ஏற்கெனவே அதே சிகிச்சைகளால் பலன் பெறாதவர்கள். அவர்களுக்கு மறுபடியும் அதையே கொடுத்தால் என்ன நடக்கும் என்று எதிர்பார்ப்பது? மூன்றாவது, தனக்கு அறுவை நடந்ததா இல்லையா என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். பெரிய அறுவை செய்துகொண்டோம் என்ற நம்பிக்கை மட்டுமே வலியைக் கணிசமாகக் குறைக்கும் என்பது வலி மருத்துவத்தில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்த ஒன்று.

அந்த மூன்றாவது ஐயத்தைச் சோதிக்கத்தான் நார்வேயிலும் சுவீடனிலும் 63 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2024-இல் வெளியானது. பாதிப் பேருக்கு உண்மையான அறுவை. மற்றவர்களுக்குத் தோலைக் கீறித் தையல் போட்டதோடு சரி, மூட்டில் எதுவும் வைக்கவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னர் வலியை அளந்தவருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் பத்துக்கு உண்மையான அறுவையில் 2.6 புள்ளி வலி குறைந்தது. பாவனை அறுவையில் 1.7. இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறியது. இதை வைத்து அறுவை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 63 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, சிறு பலனை அது தவறவிட்டிருக்கலாம். ஆனால் 82-இலிருந்து 30 என்ற எண்ணின் பெரும்பகுதி டைட்டானியத்தின் வேலைதானா என்ற கேள்வி இப்போது மேசை மீது இருக்கிறது. உங்களிடம் பேசும் மருத்துவர் முந்தைய இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்லி இதைச் சொல்லாவிட்டால், நீங்களே கேளுங்கள்.

தீங்குகளும் உண்டு. துண்டு சற்றே தடம் மாறினால் திரிக எலும்பின் துளை வழியாக வரும் முதல் நரம்பு வேரை இடிக்கும். விழித்தவுடன் காலில் புதிய வலி தெரியும், உடனே திரும்பத் திறந்து மாற்ற வேண்டியிருக்கும். தொற்று, இரத்தக் கசிவு, நாளடைவில் துண்டு தளர்வது, மறுபக்க மூட்டில் வலி தொடங்குவது ஆகியவையும் பதிவாகியுள்ளன. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குத் தொற்றின் வாய்ப்பு கூடுதல் என்பதால், அறுவை என்று முடிவானாலும் எச்.பி.ஏ.1சி. எனப்படும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அளவைச் சரிக்குக் கொண்டுவந்த பின்பே நாள் குறிக்க வேண்டும்.

அப்படியானால் அறுவை யாருக்கு? வலி ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஐந்து சோதனைகளில் குறைந்தது மூன்று அவருடைய வலியைக் கிளப்ப வேண்டும். திரையில் பார்த்துப் போட்ட ஊசியில் வலி பாதிக்கு மேல் குறைய வேண்டும், அதுவும் இரண்டு முறை. அழற்சி வாதமும் தொற்றும் இல்லையென்று உறுதியாக வேண்டும். ஒழுங்கான பயிற்சியை நான்கைந்து மாதம் செய்தும் அன்றாட வாழ்க்கை முடங்கியிருக்க வேண்டும். இத்தனையும் பொருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பே முதுகெலும்பில் இணைப்பு அறுவை செய்துகொண்டு, அதன் சுமை இந்த மூட்டில் இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்களில் இருவரை நானே அறுவை மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். ஒருவர் இப்போது நெல்லிக்குப்பத்தில் கடைக்குச் சைக்கிளில் போகிறார். மற்றவருக்குப் பெரிய மாற்றமில்லை. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அக்கா செய்ய வேண்டியதை வரிசைப்படுத்தினால், முதலில் ஐந்து சோதனைகளையும் செய்யத் தெரிந்த ஒருவரிடம் காட்டட்டும். சந்தேகம் வலுத்தால் மூட்டுக்கான எம்.ஆர்.ஐ.; பிறகு சி-ஆர்ம் வசதியுள்ள வலி மருத்துவரிடம் சோதனை ஊசி. கூடவே 20 வாரப் பயிற்சி, முதல் மாதம் வாரம் மூன்று நாள் நேரில், அதன்பின் வீட்டில். அதற்குப் பிறகும் நிலைமை இதேதான் என்றால், அந்த அறுவை மருத்துவரிடமே திரும்பப் போகலாம். அப்போது அவர் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறார், எத்தனை பேருக்கு மறுபடி திறக்க நேர்ந்தது என்று கேளுங்கள். காப்பீட்டில் செய்வதானால், அக்கா புதுச்சேரிக்காரர் என்பதால் தமிழகத்து முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். அவருடைய காப்பீட்டில் இந்த அறுவைக்கும் அந்த டைட்டானியத் துண்டுக்கும் இடமுண்டா என்று எழுத்தில் வாங்கிய பின்பே நாள் குறியுங்கள்.

ஐந்து மாதம் தள்ளிப்போவதால் மூட்டு கெட்டுப்போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். மூன்று ஆண்டாக இருக்கும் வலி இது. காத்திருப்பதால் நரம்பு செத்துப்போகும் நோய் அன்று. ஆனால் சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பாதம் தொங்கினாலோ அது வேறு நோய். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றபடி, அந்த ஒரு சாண் சோதனையை இன்று மாலையே வீட்டில் செய்து பாருங்கள். பிடித்துக்கொள்ளும்போது கால் இலேசாக எழுந்தால், குறுகிய பெல்ட் ஒன்றை வாங்கி, முன்பு கட்டிய இடத்திலிருந்து நான்கு விரல் கீழே இறக்கிக் கட்டச் சொல்லுங்கள்.